தனிமக் குடும்பங்களை எந்த வரிசையில் படிப்பது: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

தனிம வரிசை அட்டவணையை ஹைட்ரஜனில் தொடங்கி ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தால் கால்சியம் வரை எப்படியோ போய்விடலாம். இருபதைத் தாண்டியதும் பெயர்கள் குழம்பும், பண்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக நிற்கும். நான் நெடுநாள் தடுமாறியது இங்கேதான். மேலிருந்து கீழாக, குடும்பம் குடும்பமாகப் படிக்க வேண்டும், அதிலும் சில குடும்பங்களை முதலில் எடுத்தால் மற்றவை எளிதாகும் என்று தெரிந்த பிறகே பாடம் பிடிபட்டது. அந்த வரிசையையும், வழியில் வழுக்கும் இடங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரத்தில் முடிக்கலாம்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஓர் அட்டவணை, ஒரு தரவுத் தாள், ஒரு நோட்டு, பென்சில். செலவு தாளுக்கும் பென்சிலுக்கும் மட்டும்தான். அட்டவணையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஐயுபிஏசி எனப்படும் பன்னாட்டு வேதியியல் அமைப்பு தன் இணையதளத்தில் அதை இலவசமாகவே தருகிறது. பளபளப்பான சுவர்ப்படங்கள், வண்ண அட்டைகள், கட்டணச் செயலிகள் இல்லாமலே இந்தப் பாடத்தை முழுமையாகப் படிக்க முடியும்.

அட்டவணை எங்கிருந்து கிடைத்தாலும் முதலில் 113, 115, 117, 118 ஆகிய கட்டங்களைப் பாருங்கள். நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசைன், ஓகனெசான் என்ற பெயர்கள் இருக்க வேண்டும். இவை 2016இல் உறுதியான பெயர்கள். அங்கே ‘அன்அன்’ என்று தொடங்கும் தற்காலிகப் பெயர்கள் இருந்தால் அது பழைய பிரதி.

அடுத்தது தொகுதி எண், அதாவது ஒரு குடும்பம் மேலிருந்து கீழாக நிற்கும் நிரலின் எண். 1 முதல் 18 வரை நேராக எண்ணியிருக்கும் அட்டவணையையே பயன்படுத்துங்கள். பழைய புத்தகங்களில் 1ஏ, 3பி என்று எழுத்து சேர்த்த எண்கள் இருக்கும். அதில் அமெரிக்க முறையும் ஐரோப்பிய முறையும் வேறுபடும். இன்றைய 3ஆம் தொகுதி ஒன்றில் 3பி, இன்னொன்றில் 3ஏ. இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

தரவுத் தாளில் அணு ஆரம், முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல்), எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை அணு தன் பக்கம் இழுக்கும் திறன்), உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி ஆகிய ஆறும் இருந்தால் போதும். அணு ஆரத்தில் மட்டும் கவனம் தேவை. உலோக ஆரம், சகப்பிணைப்பு ஆரம், வாண்டர்வால்ஸ் ஆரம் (பிணைப்பில்லாமல் அருகருகே நிற்கும் அணுக்களை வைத்து அளப்பது) என்று மூன்று விதமாக அளப்பார்கள். மந்த வாயுக்களுக்குப் பல தாள்களில் வாண்டர்வால்ஸ் ஆரம்தான் தரப்பட்டிருக்கும். அதனால் நியான் ஃபுளூரினைவிடப் பெரியதுபோலத் தெரியும். அணு திடீரென்று பெருத்துவிடவில்லை, அளந்த முறை மாறியிருக்கிறது.

2. தொகுதி எண்ணிலிருந்து வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எடுக்கப் பழகுங்கள் (ஒரு நாள்)

ஒரு குடும்பத்துத் தனிமங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணம் அவற்றின் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் ஒரே எண்ணிக்கையில் இருப்பதுதான். 1, 2 தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணே அந்த எண்ணிக்கை. 13 முதல் 18 வரை, தொகுதி எண்ணிலிருந்து 10ஐக் கழியுங்கள். 15ஆம் தொகுதிக்கு 5, 17ஆம் தொகுதிக்கு 7. இடையில் இருக்கும் 3 முதல் 12 வரைக்கும் இந்தக் கணக்கை இப்போது போட வேண்டாம்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. ஹீலியம் 18இல் இருந்தாலும் அதற்கு இரண்டே எலக்ட்ரான்கள். ஹைட்ரஜன் 1ஆம் தொகுதியின் தலையில் இருந்தாலும் கார உலோகம் அல்ல. ஓர் எலக்ட்ரானை இழக்கவும் செய்யும், சோடியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சோடியம் ஹைட்ரைடில் இருப்பதுபோல ஒன்றைப் பெறவும் செய்யும். அதை எந்தக் குடும்பத்திலும் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறையக் குழப்பம் குறையும்.

3. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் (இரண்டு நாள்)

தொகுதியில் கீழே இறங்கினால் எலக்ட்ரான் கூடுகளின் எண்ணிக்கை கூடும், அணு பெரிதாகும், வெளி எலக்ட்ரான் மேல் அணுக்கருவின் பிடி தளரும். வரிசையில் வலப்பக்கம் போனால் கூடு அதேதான், அணுக்கருவின் மின்சுமை மட்டும் கூடும், அணு சுருங்கும், பிடி இறுகும். அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை இரண்டையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம்.

இதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டாம் வரிசையின் அயனியாக்கும் ஆற்றலை வரைபடத்தாளில் புள்ளி வைத்து வரையுங்கள். கோடு நேராக ஏறாமல் இரண்டு இடத்தில் சறுக்கும். பெரிலியம் மோலுக்கு 899 கிலோஜூல், அடுத்த போரான் 801. நைட்ரஜன் 1402, அடுத்த ஆக்சிஜன் 1314. ஒவ்வொரு கூடும் எஸ், பி, டி என்ற துணைக்கூடுகளாகவும், துணைக்கூடு இரண்டு எலக்ட்ரான்கள் வரை கொள்ளும் ஆர்பிட்டால்களாகவும் பிரியும். போரானில் வெளியேறும் எலக்ட்ரான், எஸ் துணைக்கூட்டைவிட ஆற்றல் கூடிய பி துணைக்கூட்டில் இருக்கிறது, அதனால் சுலபமாகப் போகிறது. ஆக்சிஜனில் ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கி ஒன்றையொன்று விலக்குகின்றன. தேர்வுகளில் கேள்வி எழுவது இந்தச் சறுக்கல்களில்தான், ஏறுமுகத்தில் அல்ல.

4. முதல் குடும்பம்: கார உலோகங்கள் (மூன்று நாள்)

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், ஃபிரான்சியம். இங்கே தொடங்கச் சொல்வதற்குக் காரணம், குடும்ப ஒற்றுமை மிகத் தெளிவாகத் தெரிவது இந்தத் தொகுதியில்தான். எல்லாம் மென்மையான உலோகங்கள், எல்லாம் ஒற்றை எலக்ட்ரானை இழந்து +1 ஆகும், எல்லாம் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனையும் காரத்தையும் தரும். அயனியாக்கும் ஆற்றல் 520, 496, 419, 403, 376 என்று இறங்கும். உருகுநிலை லித்தியத்துக்கு 180 டிகிரி செல்சியஸ், சீசியத்துக்கு 28.5 டிகிரி மட்டுமே.

இனி இந்தக் குடும்பத்தின் வழுக்கல்கள். அடர்த்தி கீழே போகப் போகக் கூடும் என்று எழுதுவீர்கள். ஆனால் சோடியம் 0.97, பொட்டாசியம் 0.86. பொட்டாசியத்தில் நிறை கூடியதைவிட அணுவின் பருமன் அதிகம் கூடிவிட்டது.

அடுத்தது லித்தியம். அதன் திட்ட மின்முனை அழுத்தம் (நீர்க் கரைசலில் எலக்ட்ரானை இழக்கும் போக்கைக் காட்டும் எண்) −3.04 வோல்ட். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் நீரில் போட்டதும் அதுதான் எல்லாவற்றையும்விட ஆவேசமாக வினைபுரிய வேண்டும். உண்மையில் நிதானமாகக் குமிழிட்டுக்கொண்டு மிதக்கும். மின்முனை அழுத்தம் சொல்வது வினையில் எவ்வளவு ஆற்றல் வெளிப்படும் என்பதை. எவ்வளவு வேகத்தில் என்பதை அல்ல. சிறிய லித்தியம் அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்வதால் ஆற்றல் நிறைய வெளிவருகிறது. ஆனால் உருகுநிலை உயர்வாக இருப்பதால் உலோகம் சோடியத்தைப்போல உருகிப் பரவுவதில்லை, வினை மெதுவாகவே நடக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வேதியியலில் வேறு பல இடங்களிலும் கைகொடுக்கும்.

காற்றில் எரித்தால் லித்தியம் சாதாரண ஆக்சைடையும், சோடியம் பெரும்பாலும் பெராக்சைடையும், பொட்டாசியம் சூப்பராக்சைடையும் தரும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுடர் சோதனையில் லித்தியம் செந்நிறம், சோடியம் மஞ்சள், பொட்டாசியம் வெளிர் ஊதா. சோடியம் துளி கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும், அதனால்தான் நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள்.

எச்சரிக்கை: இந்த உலோகங்களை நீரில் போடும் வினையை ஆய்வகத்துக்கு வெளியே முயல வேண்டாம். பொட்டாசியம் நீரில் பட்டவுடன் தீப்பிடிக்கும், ருபீடியமும் சீசியமும் வெடிக்கும். காணொளியில் பார்த்தாலே பாடம் வந்துவிடும்.

5. எதிர்முனைக்குப் போங்கள்: ஹாலஜன்கள் (மூன்று நாள்)

1ஐ முடித்ததும் 2க்குப் போகாமல் நேராக 17க்குத் தாவுங்கள். எதிரெதிர் குணங்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது இரண்டுமே மனதில் நிற்கும். ஃபுளூரின் வெளிர்மஞ்சள் வாயு, குளோரின் பச்சைமஞ்சள் வாயு, புரோமின் செம்பழுப்புத் திரவம், அயோடின் கருஞ்சாம்பல் திண்மம். அஸ்டடைனும் டென்னசைனும் கதிரியக்கத் தனிமங்கள், ஆழமாகப் போக வேண்டாம்.

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் வினைத்திறன் எந்தத் திசையில் கூடுகிறது என்பது. கார உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும், அணு பெரிதாகப் பெரிதாகக் கொடுப்பது சுலபம், ஆகவே கீழே போகப் போக வினைத்திறன் கூடும். ஹாலஜன் எலக்ட்ரானை வாங்க வேண்டும், அணு பெரிதாகப் பெரிதாக ஈர்ப்பு குறையும், ஆகவே கீழே போகப் போகக் குறையும். ‘கீழே போனால் கூடும்’ என்று ஒரே வரியாக மனப்பாடம் செய்தவர்கள் பாதி கேள்விகளைத் தவறாக எழுதுவார்கள். பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரின் போனால் புரோமின் வெளியேறும். அயோடின் போனால் ஒன்றும் நடக்காது.

உருகுநிலையிலும் இதே சிக்கல். முதல் தொகுதியில் கீழே போகப் போக இறங்கிய உருகுநிலை இங்கே ஏறும். கொதிநிலையும் அப்படித்தான்: ஃபுளூரின் −188, குளோரின் −34, புரோமின் 59, அயோடின் 184 டிகிரி. அங்கே உலோகப் பிணைப்பு, அணு பெரிதானால் தளர்கிறது. இங்கே மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு, எலக்ட்ரான்கள் கூடக்கூட வலுக்கிறது. ஒரு பண்பின் போக்கை எழுதும் முன் எந்த விசையை உடைக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எலக்ட்ரான் கவர்தன்மையும் எலக்ட்ரான் நாட்டமும் (தனி அணு ஓர் எலக்ட்ரானைப் பெறும்போது வெளிப்படும் ஆற்றல்) ஒன்றல்ல. பாலிங் அளவுகோலில் கவர்தன்மை ஃபுளூரினுக்கே அதிகம், 3.98. எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் முந்திவிடும்: குளோரின் 349, ஃபுளூரின் 328 கிலோஜூல். ஃபுளூரின் அணு மிகச் சிறியது. உள்ளே வரும் எலக்ட்ரானை ஏற்கனவே அங்கிருப்பவை நெருக்கித் தள்ளுகின்றன. சரி, அப்படியானால் ஃபுளூரின் ஏன் அதிக வினைத்திறன் கொண்டது? அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்களின் பிணைப்பு பலவீனமானது, 158 கிலோஜூல் போதும் உடைக்க. குளோரினுக்கு 242 தேவை. அதோடு ஃபுளூரின் உருவாக்கும் புதிய பிணைப்புகள் மிக வலுவானவை.

வீட்டில் பயன்படும் ஒரு தகவலும் இங்கே உண்டு. குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை அமிலம் உள்ள எந்தச் சுத்திகரிப்பானோடும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வெளிவரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

6. மந்த வாயுக்கள் (அரை நாள்)

ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். வெளிக்கூடு நிறைந்திருப்பதால் வினை மிகக் குறைவு. ஆனால் ‘வினையே புரியாது’ என்று எழுதாதீர்கள். 1962இல் நீல் பார்ட்லெட் செனானின் சேர்மம் ஒன்றைத் தயாரித்துக் காட்டினார், அதன் பிறகு செனான் ஃபுளூரைடுகள் பல வந்துவிட்டன. பெரிய அணுவாக இருப்பதால் செனானின் வெளி எலக்ட்ரான்களை ஃபுளூரினாலும் ஆக்சிஜனாலும் அசைக்க முடிகிறது. காற்றில் ஆர்கான் சுமார் 0.93 சதவீதம், இது கார்பன் டைஆக்சைடைவிட அதிகம் என்பது பலருக்கும் தெரியாது.

7. காரமண் உலோகங்கள் (இரண்டு நாள்)

இப்போது 2ஆம் தொகுதிக்கு வாருங்கள். முதல் தொகுதி தெரிந்திருந்தால் இது வேகமாகப் போகும். +2 அயனி, கார உலோகங்களைவிடக் கடினம், வினை சற்று மட்டு. மெக்னீசியம் குளிர்ந்த நீரில் அநேகமாக அசையாது, நீராவியில் எரியும்.

இங்கே நேரம் செலவிட வேண்டியது கரைதிறனில். ஹைட்ராக்சைடுகள் கீழே போகப் போக அதிகம் கரையும், சல்பேட்டுகள் கீழே போகப் போகக் குறைவாகக் கரையும். இரண்டும் எதிர்த்திசை. மாற்றி எழுதிவிடாமல் இருக்க பேரியம் சல்பேட்டை நினைவில் வையுங்கள். பேரியம் அயனி நச்சு. ஆனாலும் குடலை எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டைக் குடிக்கக் கொடுக்கிறார்கள், அது கரையவே கரையாததால் உடலில் சேராது. இந்த ஓர் எடுத்துக்காட்டு சல்பேட்டின் திசையைச் சொல்லிவிடும், ஹைட்ராக்சைடு அதற்கு எதிர்.

பெரிலியத்தைத் தனியாகக் குறியுங்கள். அதன் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். குணத்தில் அது மெக்னீசியத்தைவிட, மூலைவாட்டில் இருக்கும் அலுமினியத்தை ஒத்தது. லித்தியத்துக்கு மெக்னீசியம், போரானுக்கு சிலிக்கான் என்றும் இதே மூலைவிட்ட உறவு உண்டு. குடும்பத்தின் முதல் தனிமம் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நடக்கும். அணு மிகச் சிறியது என்பதே காரணம்.

8. 13 முதல் 16 வரை (ஐந்து நாள்)

இதுதான் பாடத்தின் நெஞ்சுப்பகுதி. இங்கே குடும்ப ஒற்றுமை குறைந்து, உட்பூசல் அதிகமாகும். 14ஐ எடுங்கள்: கார்பன் அலோகம், சிலிக்கானும் ஜெர்மானியமும் உலோகப்போலி, வெள்ளீயமும் காரீயமும் உலோகம். எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள்தான். அப்படியிருந்தும் கார்பன் டைஆக்சைடு வாயு, சிலிக்கான் டைஆக்சைடு மணலாகக் கிடக்கும் திண்மம். சிறிய கார்பன் அணு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பைச் சுலபமாக அமைத்துத் தனித்தனி மூலக்கூறாக நின்றுவிடுகிறது. சிலிக்கானுக்கு அந்த இரட்டைப் பிணைப்புக்குத் தேவையான ஆர்பிட்டால்களின் பக்கவாட்டு மேற்பொருந்துதல் சரியாக அமைவதில்லை, அது நான்கு ஆக்சிஜன்களோடு ஒற்றைப் பிணைப்பில் சேர்ந்து பெரிய வலைப்பின்னலாகிறது. நைட்ரஜன் இரட்டை அணு வாயுவாகவும் வெண்பாஸ்பரஸ் நான்கணு மூலக்கூறுகளாலான திண்மமாகவும் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

கீழ்க்கோடியில் இன்னொரு போக்கைக் கவனியுங்கள். தாலியத்துக்கு +3ஐவிட +1, காரீயத்துக்கு +4ஐவிட +2, பிஸ்மத்துக்கு +5ஐவிட +3 நிலையானது. வெளிக்கூட்டின் எஸ் எலக்ட்ரான் இணை பிணைப்பில் பங்கெடுக்கத் தயங்குகிறது, மந்த இணை விளைவு என்பார்கள். மூன்று தொகுதிக்கும் ஒரே விளக்கம் என்பதால் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 13இல் அலுமினியமும் காலியமும் அயனியாக்கும் ஆற்றலில் ஏறக்குறைய சமம், 578, 579. இடையில் பத்து டி எலக்ட்ரான்கள் புகுந்து, அணுக்கருவைச் சரியாக மறைக்காததால் வந்த விளைவு.

இந்த ஐந்து நாளில் ஒரு வரைபடம் கட்டாயம் போடுங்கள். 14 முதல் 17 வரையிலான தனிமங்களின் ஹைட்ரைடுகளுக்குக் கொதிநிலை. நீர் 100, ஹைட்ரஜன் சல்பைடு −60. அம்மோனியா −33, பாஸ்பீன் −88. ஹைட்ரஜன் ஃபுளூரைடு 19.5, ஹைட்ரஜன் குளோரைடு −85. ஆனால் மீத்தேன் −161, சிலேன் −112. மூன்று கோடுகள் தொடக்கத்தில் தூக்கி நிற்கும், நான்காவது ஒழுங்காக ஏறும். ஆக்சிஜன், நைட்ரஜன், ஃபுளூரின் மூன்றும் ஹைட்ரஜன் பிணைப்பு (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்பு) அமைக்கின்றன, கார்பன் அமைப்பதில்லை. பத்துப் பக்கம் வாசிப்பதைவிட இந்த ஒரு படம் அதிகம் சொல்லித்தரும்.

9. இடைநிலை உலோகங்கள், அப்புறம் கீழே இருக்கும் இரண்டு வரிசைகள் (மூன்று நாள்)

3 முதல் 12 வரை மட்டும் படிக்கும் திசையை மாற்றுங்கள். இங்கே பக்கத்துத் தனிமங்களும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் கிடைமட்டமாகப் படிப்பதே நல்லது. முதல் முறைக்கு ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரையிலான பத்து போதும். பல ஆக்சிஜனேற்ற நிலைகள், நிறமுள்ள அயனிகள், வினையூக்கியாகும் திறன் ஆகிய மூன்றைத் தேடுங்கள். மாங்கனீசு +2 முதல் +7 வரை போகும். குரோமியம், தாமிரம் இரண்டின் எலக்ட்ரான் அமைப்பு வழக்கத்திலிருந்து விலகியிருக்கும், அதைத் தனியே எழுதுங்கள். துத்தநாகம், காட்மியம், பாதரசம் மூன்றுக்கும் டி துணைக்கூடு நிறைந்தே இருப்பதால் அவற்றை இடைநிலை உலோகங்களாகச் சேர்க்காத புத்தகங்கள் உண்டு. உங்கள் பாடத்திட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து, அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

கீழே இருக்கும் முதல் வரிசையான லாந்தனைடுகளின் பெயர்களைப் பொறுமையாகப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் +3 நிலை, ஒன்றைப்போல ஒன்று, அதனால் பிரித்தெடுப்பது கடினம். இவற்றின் வழியாக அணு படிப்படியாகச் சுருங்குவதால், அவற்றுக்குப் பிறகு வரும் ஹாஃப்னியம் தன் மேலிருக்கும் சிர்கோனியத்தின் அளவிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த வரிசையான ஆக்டினைடுகள் எல்லாமே கதிரியக்கமுள்ளவை. 3ஆம் தொகுதியில் லாந்தனம் வருமா லுட்டீசியம் வருமா என்பதில் அட்டவணைகள் வேறுபடும், உங்கள் பிரதியில் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

10. சோதித்துப் பாருங்கள் (மீதி நாள்)

வெற்று அட்டவணையை வரைந்து, தொகுதி வாரியாகப் பெயர்களை நிரப்புங்கள். நிரப்பிய பிறகு, நீங்கள் நேரடியாகப் படிக்காத கேள்விகளுக்குப் பதில் ஊகித்து எழுதுங்கள். ரேடியம் சல்பேட்டு நீரில் கரையுமா? ஸ்ட்ரான்சியம் ஹைட்ராக்சைடு கால்சியம் ஹைட்ராக்சைடைவிட அதிகம் கரையுமா? ஹைட்ரஜன் டெல்லுரைடின் கொதிநிலை ஹைட்ரஜன் சல்பைடைவிடக் கூடுதலா? பதில்கள்: அநேகமாகக் கரையாது, ஆம், ஆம், சுமார் −2 டிகிரி. ஊகம் தவறினால் மொத்தத்தையும் மீண்டும் படிக்க வேண்டாம். எந்தக் குடும்பத்தில் தவறியதோ அந்த ஒரு படிக்கு மட்டும் திரும்பி, அதன் வரைபடத்தை இன்னொருமுறை கையால் போட்டுவிட்டு, மறுநாள் அதே கேள்வியை மீண்டும் எழுதிப் பாருங்கள்.